நந்தனார் பாடத்தை எப்படித் தொடங்குவது?

வாசகர் கேள்வி, ரீச்சர் பதில்

சமய பாடம் படிப்பிக்கும்போது வகுப்பில் திணறுகிற இடங்கள் எவை, எழுதுங்கள் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஆசிரியர்கள் மட்டும் எழுதுவார்கள் என்று நினைத்தேன், பெற்றோரும் ஒரு மாணவனும் எழுதியிருக்கிறார்கள். ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதலாவதற்கே பாதி இடம் போய்விட்டது, அதற்கு அவ்வளவு இடம் வேண்டும்.

கேள்வி: ரீச்சர், நான் சைவநெறி படிப்பிக்க வந்து இரண்டு வருடம்தான். திருநாளைப்போவார் நாயனார், அதுதான் நந்தனார், வரலாறு அடுத்த வாரம் வருகிறது. என் வகுப்பில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யார் எந்தக் குறிச்சி என்று பிள்ளைகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “அவர் ஏன் ரீச்சர் கோயிலுக்குள்ள போகேல்லை?” என்று கேட்டால் என்ன சொல்வது? மேலோட்டமாகச் சொல்லிவிட்டு அடுத்த நாயனாருக்குப் போய்விடு என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர்.
– ஆசிரியை, வடமராட்சி

பதில்: தங்கச்சி, அடுத்த நாயனாருக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் தாண்டிப் போனதை எந்தப் பிள்ளை முதலில் கவனிக்கும் என்று நினைக்கிறீர்கள்? யாருக்காகத் தாண்டினீர்களோ அந்தப் பிள்ளைதான்.

நான் படிப்பிக்கத் தொடங்கி மூன்றாவது வருடம், வலிகாமத்தில் ஒரு பாடசாலை, தரம் ஒன்பது. பிள்ளைகளை வரிசையாக எழுப்பி ஆளுக்கு ஒரு பந்தி வாசிக்கவிடுவது என் பழக்கம். அன்று, நாயனார் ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தார் என்கிற பந்தி ஒரு பையனுக்கு வந்தது. அவன் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து வாசித்தான். கொப்பி திருத்திக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து, “ஒரு வரி விட்டுவிட்டாய், திரும்ப வாசி” என்றேன். வாசித்தான். கடைசி வாங்கில் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் ஒன்றும் பேசாமல் அடுத்த பிள்ளையை எழுப்பினேன். அந்தத் தவணை முடியும்வரை அவன் என் பாடவேளைக்கு வரவில்லை, மற்றப் பாடங்களுக்கு இருப்பான், என்னுடையதற்கு மட்டும் மைதானத்தில் நிற்பான். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றுவரை அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே அந்தப் பந்தியை எந்தப் பிள்ளையையும் வாசிக்க விடாதீர்கள், நீங்களே வாசியுங்கள். வாசிக்க முன்னமே, இதில் ஒரு சொல் வரப்போகிறது, அந்தக் காலத்தில் ஒரு மக்கள் கூட்டத்தை ஒதுக்கிவைக்கப் பயன்பட்ட சொல், அதை இன்றைக்கு ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்வது அவமானப்படுத்துவதாகும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் அக்கறைதான் பார்க்க வைக்கும், ஆனால் முழு வகுப்பும் உங்கள் கண் போகிற பக்கம் திரும்பும்.

அப்புறம், பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை அடுக்கடுக்காகக் காட்டுங்கள். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் இவரைப் பற்றிச் சொல்வது ஒரே ஒரு தொடர்: “செம்மையே திருநாளைப்போவார்க்கும் அடியேன்”. அதில் ஊர் இல்லை, குலம் இல்லை, நெருப்பும் இல்லை. பிறகு வந்த நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் ஆதனூர் வருகிறது, புலை நீங்கியது வருகிறது, தில்லைக் கோயில் அந்தணர் மூவாயிரவர் கைகூப்ப முனியானது வருகிறது, தீ அங்கேயும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் வரும்போதுதான் நமக்குத் தெரிந்த முழுக்கதை கிடைக்கிறது: கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர், திருப்புன்கூரில் நந்தி விலக வாசலில் நின்று கும்பிட்டவர், அங்கே குளம் தோண்டியவர், நாளைப்போவேன் நாளைப்போவேன் என்று நாள்களைக் கழித்து, தில்லைக்குப் போய் ஊர் எல்லையையே வலம் வந்துகொண்டிருந்தவர், கனவில் இறைவன் சொன்னபடி தென்வாயிலுக்கு வெளியே மூட்டிய தீயில் மூழ்கி, பூணூலோடும் சடைமுடியோடும் எழுந்து உள்ளே போனவர். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடும்போது ஒரு வேதியப் பண்ணையாரும் சேர்ந்துவிட்டார். பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் தெரிந்த நந்தனார் இந்த நந்தனார்தான். அந்தப் பண்ணையார் பெரியபுராணத்தில் கிடையாது என்று சொன்னால் பெரியவர்களே நம்ப மாட்டார்கள்.

இப்படி வைத்துவிட்டு, ஒவ்வொரு தலைமுறையும் எதைக் கூட்டியிருக்கிறது, ஏன் கூட்டியிருக்கும் என்று கேளுங்கள். தரம் ஒன்பது பிள்ளைகள் பிரமாதமாக யோசிப்பார்கள். நிச்சயமாக ஒரு கேள்வி வரும்: கடவுளே கூப்பிட்டவர் ஏன் நெருப்புக்குள்ளால் போக வேண்டும், மற்ற நாயன்மார் அப்படிப் போகவில்லையே? நல்ல கேள்வி. அது இறையருளால் உடம்பு மாறியதைச் சொல்கிற அற்புதம் என்று சைவ மரபு படிக்கிறது. உள்ளே விடாதவர்கள் அவரை எரித்துவிட்டு அற்புதம் என்று சொன்னார்கள் என்று படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சொல்லுங்கள். உங்கள் நம்பிக்கை எது என்று கேட்டால் அதையும் சொல்லலாம், “இது என் நம்பிக்கை, சோதனையில் நீங்கள் வேறு விதமாக எழுதினாலும் புள்ளி குறையாது” என்ற வார்த்தையோடு.

ஆனால் ஒரு எல்லை. சாதி பார்த்து உள்ளே விடாமல் வைத்தது சரியா பிழையா என்று பட்டிமன்றம் வைக்காதீர்கள். எல்லாப் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்கிற நல்ல எண்ணத்தில் இதைச் செய்கிற ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். கதையை எப்படிப் படிப்பது என்பதில் இரண்டு பக்கம் உண்டு. வகுப்பில் இருக்கிற ஒரு பிள்ளை கோயிலுக்குள் வரத் தகுதியானவளா என்பதில் இரண்டு பக்கம் கிடையாது. அதை விவாதத்துக்கு வைத்தாலே அந்தப் பிள்ளை தோற்றுவிட்டாள், யார் வென்றாலும். சட்டமும் 1957இலேயே அதை முடிவு செய்துவிட்டது, பிறப்பைக் காட்டி ஒருவரைப் பொதுக் கோயிலில் தடுப்பது இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் வந்து பதினொரு வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தார் உள்ளே போகக் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மறித்து நின்றவர்களுக்கு முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் தலைமை தாங்கினார். வழக்கும் நடந்தது. இதைச் சொல்லாமல் நந்தனாரை மட்டும் சொன்னால், இதெல்லாம் சோழநாட்டில் எப்போதோ நடந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அறுபத்துமூவர் வரிசை வைத்திருக்கிற கோயில்களில் நந்தனாருக்கும் விளக்கு வைத்து மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டே, அவர் பிறந்த மாதிரிக் குடிசைகளில் பிறந்தவர்களை வீதியில் நிறுத்தி வைத்திருந்தோம். உங்கள் மாணவர்களின் அம்மப்பாக்களும் அம்மம்மாக்களும் அதைக் கண்டவர்கள். சொல்லுங்கள் தங்கச்சி. அதிபரிடம் முதல் நாளே போய், இன்ன பாடம், இப்படித்தான் எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். யாராவது பெற்றோர் வந்து கத்தினால் நீங்கள் தனியாக நிற்கக் கூடாது.

கேள்வி: சம்பந்தர் வாதில் வென்ற பிறகு எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று படித்தோம். சேரிடம், இது கொலை இல்லையா என்று கேட்டேன். “அது புராணம், கேள்வி கேட்காமல் படி” என்றார். நான் கேட்டது பிழையா? சோதனையில் என்ன எழுதுவது?
– தரம் 11 மாணவன், கிளிநொச்சி

பதில்: பிழையே இல்லைத் தம்பி. எண்ணாயிரம் என்று படித்துவிட்டு ஒன்றும் தோன்றாமல் அடுத்த பக்கம் புரட்டுகிற பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

சேக்கிழார் என்ன சொல்கிறார் என்பதைச் சரியாகப் பார். புனல் வாதத்தில், அதாவது ஏட்டை ஆற்றில் விடுகிற போட்டியில், தோற்றால் எங்களைக் கழுவேற்றலாம் என்று சமணரே வாக்குக் கொடுத்தார்கள், பாண்டிய அரசன் தன் அமைச்சர் குலச்சிறையாரிடம் அதை நிறைவேற்றச் சொன்னான், அவர்கள் முன்பு சைவ மடத்துக்குத் தீ வைத்ததால் சம்பந்தர் அதை விலக்காமல் இருந்தார். சேக்கிழாருக்கே அந்த இடம் எளிதாக இருக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இவ்வளவு காரணம் அடுக்குகிறார்.

இனி வரலாறு. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு, சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு, நடுவில் ஐந்நூறு வருடம். சம்பந்தரின் பதிகங்களில் சமணரைக் கடுமையாகச் சாடுகிற பாட்டுகள் நிறைய உண்டு, கழுவேற்றியதை விவரிக்கிற பாட்டு இல்லை. அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதைச் சொல்லவில்லை. மறுபக்கம், சம்பந்தருக்குப் பின்பும் பாண்டி நாட்டில் சமணர் இருந்ததற்குக் கல் சாட்சி இருக்கிறது: கழுகுமலையில் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் அச்சணந்தி என்கிற சமணத் துறவியின் பெயர் வட்டெழுத்தில் இருக்கிறது. இவற்றை வைத்து, இப்படி ஒரு பெருங்கொலை நடந்திருக்காது என்கிறவர்கள் பலர். நடந்ததோ இல்லையோ, நடந்ததாக ஒரு சமூகம் பெருமையோடு நினைவு வைத்திருந்தது ஏன் என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கேள்விதான் கனமாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமணர் என்றால் கதையில் தோற்றுப்போகிற ஆட்கள் என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நீ தமிழ்ப் பாடத்தில் படிக்கிற இலக்கணத்தின் அடிப்படையான நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் சமணர், அதற்குக் காண்டிகையுரை எழுதியவர் நம் ஆறுமுக நாவலர். சீவக சிந்தாமணி சமணக் காப்பியம். தமிழ்ச் சமணர்கள் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்தில் இன்றைக்கும் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு பையன் உன் வகுப்பில் இருந்தால் இந்தப் பாடம் அவனுக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பார்.

சோதனைக்கு: “பெரியபுராணம் கூறுவதன்படி” என்று தொடங்கிக் கேட்டதை எழுது. அது உண்மையான வாக்கியம், புள்ளியும் கிடைக்கும். சேரோடு சண்டைக்குப் போகாதே. அவருக்கும் அவருடைய சேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கேள்வி: எங்கள் ஊர் வைரவர் கோயிலில் முன்பு வேள்வி நடக்கும், அப்பா நேர்த்திக்கு ஆடு கொடுத்தவர். இப்போது என் மகள், சமய ரீச்சர் அது பாவம் என்று சொன்னதாகச் சொல்லி, தாத்தாவோடு பேசாமல் இருக்கிறாள்.
– தந்தை, தெல்லிப்பழை

பதில்: ரீச்சர் சொன்னதில் பாடம் பிழையில்லை. கொல்லாமை சைவத்தின் அடிப்படை ஒழுக்கம், கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்று நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தார், 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றமும் தடை போட்டது. சொன்ன விதம்தான் குறை. செயலைப் பற்றிப் பேசலாம், செய்தவர்களை வகுப்பில் வைத்துத் தீர்ப்பிடக் கூடாது, ஏனென்றால் அவர்கள் யாரோ ஒரு பிள்ளையின் தாத்தா. அந்தத் தடை வந்தபோது, கோயிலில் வெட்டினால் பாவம், கடையில் வெட்டி வாங்கினால் பாவமில்லையா என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டாள், அதற்கு வகுப்பு முழுவதும் ஒரு பாடவேளை பேசியும் முடியவில்லை. மகளைத் தாத்தாவிடம் அனுப்பி, எதற்காக நேர்த்தி வைத்தார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லண்டனில் மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறாள். சமயக் கல்வி வகுப்பில் இந்து சமயம் என்று சாதி அடுக்கைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இடைவேளையில் பிள்ளைகள் “நீ எந்தப் படி?” என்று கேட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தாள். அந்தப் பாடத்திலிருந்து விலக்கிவிடலாமா?
– தாய், ஹரோ

பதில்: விலக்கலாம் அம்மா, அந்த உரிமை இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலிருந்து பெற்றோருக்கு இருக்கிறது, காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இப்போதைக்கு வேண்டாம். அவளை வெளியே எடுத்தால் அந்தப் படம் வகுப்பிலேயே இருக்கும், அதைப் பற்றிப் பேசக்கூடியவள் மட்டும் நூலகத்தில் இருப்பாள்.

முதலில் பாட ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, இடைவேளையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. அங்கே அந்தப் பாடம் நம் ஊர் சைவநெறி மாதிரி நம்பிக்கையை ஊட்டுகிற பாடம் இல்லை, பல சமயங்களையும் பற்றி அறிந்து ஆராய்கிற பாடம். பின்னால் ஜிசிஎஸ்இ பரீட்சைக்கு அந்தப் பாடத்தை எடுத்தால், ஒரு கூற்றைக் கொடுத்து, ஆதரவாகவும் எதிராகவும் எழுதி நியாயமான முடிவுக்கு வரச் சொல்வார்கள். அப்படிப்பட்ட பாடத்தில் சாதியைப் பற்றி ஒரே ஒரு படம் போதாது என்று நீங்கள் சொன்னால் அது நியாயமான முறைப்பாடு. சித்தர் பாடல்களும் அம்பேத்கரும் வரட்டும், சாதியை எதிர்த்த குரல்கள் இந்தச் சமயங்களுக்கு உள்ளேயிருந்தும் வந்தன என்பது வரட்டும். ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதியிலும் சமயக் கல்விக்கு ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது, அதில் கிறிஸ்தவம் தவிர்ந்த சமயத்தவருக்கும் இடம் உண்டு. உங்கள் கோயில் சபையிலிருந்து யார் போகிறார்கள் என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். “சாதிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலேயர் உண்டாக்கியது” என்று மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். கலியாணப் பேச்சில் முதல் கேள்வி எது என்று அவள் சீக்கிரம் கண்டுபிடிப்பாள், அப்போது உங்களை நம்ப மாட்டாள். அந்த நாட்டிலேயே 2010க்குப் பிறகு, சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தில் சேர்ப்பதா என்று இந்து அமைப்புகளும் தலித் அமைப்புகளும் எதிரெதிராக வாதாடின, கடைசியில் 2018இல் அரசு சேர்ப்பதில்லை என்று சொன்னது. நமக்குள்ளேயே முடியாத விவாதம். அவளிடம் நேராகப் பேசுங்கள்: இது இருக்கிறது, இது பிழை, நீ எந்தப் படியிலும் இல்லை.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர், பக்கத்து வீடு சைவர். மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே வகுப்பு. 2019 சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் வைத்த வளைவை எங்கள் ஆட்கள் சிலர் பிடுங்கிய பிரச்சினையை யாரோ திரும்பக் கிளப்ப, “உங்கட சங்கிலியன் எங்கட ஆக்களை வெட்டினவன்”, “நீங்கள் எங்கட கோயிலை இடிச்சனீங்கள்” என்று அடிபட்டிருக்கிறார்கள். பாடசாலை இரண்டு பேரையும் எச்சரித்து அனுப்பிவிட்டது.
– தந்தை, மன்னார்

பதில்: எச்சரித்து அனுப்பினால் போதுமா? இரண்டு பையன்களும் சொன்னதில் உண்மை இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அதுதான் வருத்தம்.

1544இல் யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி, மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்வித்தான். கத்தோலிக்கர் அவர்களை வேதசாட்சிகளாக நினைவுகூருகிறார்கள். சமயம் மாறியவர்கள் போர்த்துக்கேயப் பக்கம் போய்விடுவார்கள், அவர்களுக்குப் பின்னால் கப்பல் வரும் என்ற பயம் அரசனுக்கு இருந்தது, அந்தப் பயம் கொலையை நியாயமாக்காது. பிறகு கப்பல் வரத்தான் செய்தது. போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்தார்கள், 1621இல் நல்லூர்க் கந்தன் கோயிலை இடித்தார்கள். கொன்றது உங்கள் அயல்வீட்டுக்காரர் இல்லை, இடித்தது நீங்கள் இல்லை.

நம் பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடம், ஓ.எல். வரைக்கும். மணி அடித்ததும் பிள்ளைகள் பிரிந்து சைவநெறி ஒரு அறை, கத்தோலிக்கம் ஒரு அறை, இஸ்லாம் ஒரு அறை என்று போவார்கள். தன் சமயத்தைப் பற்றி மட்டும், தன் ஆட்களோடு மட்டும், பதினொரு வருடம். மற்ற அறையில் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நானும் கத்தோலிக்கம் படிப்பித்த ஒரு ஆசிரியையும் ஒரு தடவை தரம் பத்து இரண்டு வகுப்பையும் நூலகத்தில் ஒன்றாக இருத்தினோம். பெயர் போடாமல் கடதாசியில் கேள்வி எழுதச் சொன்னோம், பெட்டியில் போட்டுக் கலந்து எடுத்தோம். சண்டை வரும் என்று பயந்தபடி இருந்தோம். முதலில் வந்தது “பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை சுவாமி வீட்டில் சொல்லிவிட மாட்டாரா?”, அடுத்தது “செத்தவீட்டுக்குப் போனால் ஏன் தோய வேண்டும்?” சங்கிலியன் ஏழாவதோ எட்டாவதோ கடதாசியில்தான் வந்தான், அதற்குள் பிள்ளைகள் ஆளையாள் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

உங்கள் பாடசாலையில் இரண்டு சமய ஆசிரியர்களிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் நீங்களும் அயல்வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு முதலில் தோட்டவெளிக்கு, வேதசாட்சிகள் நினைவாக உள்ள ஆலயத்துக்குப் போங்கள், பிறகு பாலத்தைக் கடந்து திருக்கேதீச்சரத்துக்கு. தோட்டவெளியில் நடந்ததைச் சைவப் பையனுக்கு உங்கள் மகன் சொல்லட்டும், கேதீச்சரத்தில் மற்றவன் சொல்லட்டும். போய்வந்து எனக்கு எழுதுங்கள்.